மாமனாருக்கு ஊதிய பஞ்சு

பனி கொட்டும் டுலூத் ஊரில் கூரையைப் பார்த்தே குடும்பத்தை எடைபோடுவார்கள். பனி விழுந்த மறுநாளும் கூரை வெள்ளையாக இருந்தால் கெட்டிக்காரக் குடும்பம். உருகிக் கறுப்பு தெரிந்தால், உள்ளே எரிக்கிற சூடெல்லாம் பரண் வழியாக ஆகாயத்துக்குப் போகிறது என்று பொருள். லோர்னாவின் கூரை இருபத்திரண்டு வருஷமாகக் கறுப்புதான். சூட்டைத் தடுக்கப் பரணில் பரப்பும் பஞ்சு போதாது என்றது ஊர். சூடு ஆகாயத்துக்குப் போகவில்லை, மாமனாருக்குப் போகிறது என்பது லோர்னாவுக்கு மட்டும் தெரியும்.

மாமனார் ஆர்வில், ஹீட்டரைக் கூட்டி வைத்த மருமகளோடு சண்டை போட்டு, கோபித்துக்கொண்டு பரணில் ஏறிப் படுத்தவர். இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தைய ஜனவரி மாதம். காலையில் விறைத்திருந்தார். அடக்கமெல்லாம் முறையாகத்தான் நடந்தது. அவர்தான் பரணை விட்டு இறங்கி வரவில்லை.

இந்த வருஷம் அவள் கணவர் ஹார்லனின் நுரையீரலை நிமோனியா பாதி தின்றுவிட்டது. இன்னொரு குளிர்காலம் இந்த வீட்டில் தாங்க மாட்டார் என்றார் டாக்டர். லோர்னாவுக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம் வந்தது.

அக்டோபரில் ஒரு சனிக்கிழமை மதியம், அவள் தம்பி டுவெய்ன் பஞ்சு ஊதும் மிஷினை வாடகைக்குக் கொண்டுவந்து முற்றத்தில் நிறுத்தினான். பழைய செய்தித்தாளை அரைத்த சாம்பல் நிறப் பஞ்சு, மூட்டை மூட்டையாக. தானே மேலே ஏறுவதாகச் சொன்னான்.

"கெழவன்கிட்ட எனக்குப் பேச்சு இருக்கு. நீ மிஷினப் பாரு" என்று குழாயோடு ஏறினாள் லோர்னா.

பரணில் எலிப்புழுக்கை வாடை. அதன் அடியில், அணைந்து வெகுகாலமான சுருட்டு வாடை. மூலையிலிருந்து ஊதிக்கொண்டே வந்தாள். நடுப்பரணில் பஞ்சு தரையில் விழவில்லை.

அந்தரத்தில் தங்கியது.

முதலில் இரண்டு முழங்கால். பிறகு தோள். பிறகு, குனிந்த ஒரு தலை.

தலை மெல்ல நிமிர்ந்தது.

வேறு யாராக இருந்தாலும் ஏணியைத் தேடியிருப்பார்கள். லோர்னா தூசிக்குக் கட்டியிருந்த முகமூடியை இறக்கினாள்.

"உங்க புள்ள கீழ சாகக் கெடக்கான். அவன் சூட்டத் தின்னுட்டு உக்காந்திருக்கீங்களே, வெக்கமா இல்ல? எனக்குக் குளிருதுன்னா அப்ப என்ன சொல்வீங்க? ஸ்வெட்டர் போட்டுக்கோன்னுதான? இந்தாங்க, போட்டுக்கங்க."

குழாயை முகத்துக்கு நேரே பிடித்தாள். மூக்கு மூடியது, நெற்றி மூடியது, கடைசியில் ஒரு குன்றுதான் மிச்சம். நாலு மூட்டை கூடுதலாகப் போனது ஏன் என்று டுவெய்ன் கேட்டான். மாமனார் கொஞ்சம் பருமன் என்றாள்.

முதல் பனி விழுந்தது. கூரை மறுநாளும் வெள்ளையாக நின்றது. எதிர்வீட்டார் தெருவைக் கடந்து வந்து கைகொடுத்தார்கள். ஹார்லன் போர்வையை உதைத்துவிட்டுத் தூங்கினார்.

ஊதின பஞ்சு சில வாரத்தில் அமுங்கும்; ஏறி அளந்து பார்ப்பது வழக்கம். ஒரு காலை, அளவுகோலோடு லோர்னா பரண் கதவைத் தள்ளித் தலையை நீட்டினாள். மூச்சு வெண்புகையானது. ஒரு துளிச் சூடு மேலே வரவில்லை. வேலை சுத்தம்.

குன்று இல்லை. அந்த இடத்தில் ஒரு குழி.

குழியிலிருந்து பஞ்சில் காலடித் தடங்கள். வெறுங்கால், பெரிய கால், அவசரமில்லாத கால். அவள் கை ஊன்றியிருந்த கதவு விளிம்பு வரைக்கும் வந்திருந்தன.

திரும்பிப் போனதற்கு ஒன்றுகூட இல்லை.

கீழே படுக்கையறையில் நாற்காலி இழுபடும் சத்தம். பிறகு ஹார்லனின் குரல், மூச்சு வாங்கி வாங்கி:

"அப்பா, இப்படி வந்து உக்காரு. இங்கதான் கதகதன்னு இருக்கு."