வியாழனிலிருந்து வரும் பச்சை

புதுத்துறைக் குடியிருப்பில் பொழுது விடிந்ததும் முதலில் நடப்பது விளி. பல் துலக்குவதும் காப்பி போடுவதும் அதற்குப் பிறகுதான். சுவரில் பதித்த சின்னப் பெட்டியின் பொத்தானை வீட்டில் ஒருவர் அழுத்துவார். வியாழனைச் சுற்றித் தாது வெட்டும் கப்பலில் அந்த வீட்டு ஆள் உயிரோடு இருந்தால் பச்சை எரியும். அவ்வளவுதான் சேதி. அதற்குமேல் ஒரு சொல் அனுப்பவும் முடியாது, கேட்கவும் முடியாது.

ஜெனோவாவின் வீட்டில் அழுத்துகிற உரிமை மாமியார் ராயம்மாளுடையது. அதை மருமகளுக்கு அவள் விட்டுக்கொடுத்ததே இல்லை.

“பாத்தியாட்டி, விரலை எடுக்கதுக்குள்ள வந்துட்டு. எம்புள்ளைக்கு அம்மைன்னா அவ்வளவு அவசரம்.”

“ஆமா அத்தை” என்றாள் ஜெனோவா. அவள் கண் பாடநூலில் இருந்தது.

பேச்சு கூடாது என்பது பெரும் முடக்கத்துக்குப் பின் வந்த சட்டம். ஒன்றும் தெரியாதவர்கள் கண்டதையும் அனுப்பித்தான் தகவல் வலையே படுத்துவிட்டது என்று மேலே இருப்பவர்கள் முடிவு கட்டினார்கள். அதனால் வலைப்பணி முதல்நிலைத் தேர்வில் தேறியவர்களுக்கு மட்டுமே பேச்சு அனுப்பும் உரிமை. மற்றவர்களுக்கு விளியோடு சரி. சொந்தப் புருஷனிடம் பேசப் பரீட்சை எழுத வேண்டிய காலம் வரும் என்று முன்பு யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பார்கள்.

புருஷன் கஸ்பார் கப்பலேறியபோது ஜெனோவாவுக்கு மூன்றாம் மாதம். அவன் போன சில வாரங்களில் கரு கலைந்துவிட்டது. அது அவனுக்குத் தெரியாது. பச்சை விளக்கால் அதைச் சொல்ல முடியாது. மூன்று வருஷமாக அங்கே அவன் மனசுக்குள் ஒரு பிள்ளை வளர்ந்துகொண்டிருக்கும். தவழ்ந்திருக்கும், நடந்திருக்கும், இப்போது அப்பா என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கும். எப்படியாவது தேறி, நம் பிள்ளை இல்லை என்று அவனிடம் சொல்லிவிட வேண்டும். அவளுக்கு வேறு எதுவும் வேண்டாம்.

படிப்பு லேசில் மண்டையில் ஏறவில்லை. முதல் தடவை, வலை முகவரிகளைக் கூறுபோடும் சப்நெட் கணக்கில் கவிழ்ந்தாள். இரண்டாம் தடவையும் அதே கணக்குதான் காலை வாரியது. மீன் ஆயும்போது வலையின் ஏழு அடுக்குகளையும் கீழிருந்து மேலாக ஒப்பிப்பாள். பழுது வந்தால் முதலில் கம்பியைப் பார், பிறகு முகவரியைப் பார், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. ராயம்மாள் அரிவாள்மனைக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு, “செபத்தைக்கூட இப்படிச் சொல்ல மாட்டியேட்டி” என்று கிண்டல் செய்வாள்.

மூன்றாம் தடவைக்குப் படிக்கும்போதுதான் தாமதம் என்ற பாடம் வந்தது. எந்த விளியும் ஒளியை முந்தாது என்று தொடங்கியது. வியாழன் வரை போய்த் திரும்ப எவ்வளவு நேரமாகும் என்பது பயிற்சிக் கணக்கு. போட்டாள். ஒரு மணி நேரத்துக்கும் மேல் வந்தது. கடைசிப் பக்கத்து விடையோடு ஒத்துப்போனது. கணக்கு ஒன்று சரியாக வந்துவிட்ட சந்தோஷத்தில் அடுத்ததற்குத் தாவினாள். அடுத்ததின் பாதியில் கை அப்படியே நின்றது.

ராயம்மாள் கோயிலுக்குப் போயிருந்தாள். ஜெனோவா எழுந்து போய்ப் பொத்தானை அழுத்தினாள். பச்சை உடனே எரிந்தது. பாடத்தில் சொன்னபடி கம்பியைப் பார்த்தாள், சரியாக இருந்தது. முகவரியும் சரி. மறுபடி அழுத்தினாள். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆக வேண்டிய பதிலுக்குக் கண் சிமிட்டும் நேரம்கூட ஆகவில்லை.

அடுத்த பாடம் பதிலாள். தொலைவிலிருக்கும் கருவிக்கு ஒவ்வொரு தடவையும் ஆள் அனுப்பிக் கேட்டுக்கொண்டிருந்தால் வலை தாங்காது. அதனால் நடுவிலிருக்கும் நிலையமே, கடைசியாகத் தெரிந்த நிலையை வைத்துப் பதில் சொல்லிவிடும். ஜெனோவா அந்தப் பக்கத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள். வசதிக்குச் செய்த ஏற்பாடுதானே? நிலையம் பதில் சொன்னால் கப்பல் இல்லை என்றா அர்த்தம்? கஸ்பார் அங்கேதான் இருப்பான், இருந்தே ஆக வேண்டும். ஆனாலும் பயம் விடவில்லை. மாமியாரிடம் வாயைத் திறக்கவில்லை.

தேர்வில் அந்தக் கேள்வியே வந்தது. வெகுதொலைவிலிருக்கும் கருவியிடமிருந்து உடனடியாக மறுமொழி வருகிறது, அனுப்பியது யார்? நடுவிலிருக்கும் நிலையம் என்ற விடையில் விரலை வைத்தபோது எதற்கோ கையெழுத்துப் போட்டுக்கொடுப்பதுபோல் இருந்தது. வைத்தாள். தேறினாள்.

இடைநிலையத்தில் பொறுப்பாளர் மாசிலாமணி அவளைப் பேச்சறைக்குக் கூட்டிப்போனார். ஜெனோவா பல நாள் ஒத்திகை பார்த்ததையெல்லாம் மறந்துவிட்டு, “நம்ம புள்ள தங்கலைங்க. நீங்க போன கொஞ்ச நாள்லயே போயிட்டு. என்னைய ஒண்ணும் நினைச்சிராதீங்க” என்றாள். அப்புறம் காத்திருந்தாள். ஒளி போய்த் திரும்புகிற நேரம் கடந்தது. இன்னொரு மடங்கும் கடந்தது. திரையில் ‘இலக்கு எட்டவில்லை’ என்று வந்தது.

“சார், திரும்ப அனுப்பட்டுமா?”

“அனுப்புங்கம்மா.” அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

“எப்போலேர்ந்து சார் இப்படி?”

மாசிலாமணி நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். “போன மழைக்கு முந்தியே அந்தக் கப்பல்ல இருந்து சத்தம் இல்லம்மா. காணாமப் போச்சுன்னு தலைமையகம் அறிவிக்கல. அறிவிக்கிற வரைக்கும் இயந்திரம் கடைசியாத் தெரிஞ்ச நிலையைத்தான் சொல்லும். கடைசி நிலை பச்சை.”

“தேடினாவளா?”

“தேடினாங்க.” நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார். “தேறினவங்க கேட்டா அவங்க வீட்டுப் பெட்டியை நிறுத்தலாம். நிறுத்திரட்டுமா?”

ஜெனோவா அழுதுகொண்டேதான் யோசித்தாள். நிறுத்தினால் நாளைக் காலையில் ராயம்மாள் பொத்தானை அழுத்திவிட்டு நிற்பாள். மறுபடி அழுத்துவாள். கம்பியைப் பார்க்கச் சொல்லுவாள்.

“வேண்டாம் சார்” என்றாள்.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் முகத்தைத் துடைத்தபடி நடந்தாள். பச்சையை மட்டும் எரியவிட்டால் போதாது, கஸ்பாருக்காகத் தானும் பதில் சொல்ல வேண்டும் என்பது வாசலை மிதித்த பிறகுதான் புரிந்தது. ராயம்மாள் நடுவீட்டில் காத்துக்கொண்டிருந்தாள்.

“பேசினியாட்டி? புள்ள விசயத்தைச் சொல்லிட்டியா?”

“சொல்லிட்டேன் அத்தை.”

“அழுதானா?”

ஜெனோவாவின் சிவந்த கண்களைப் பார்த்துக்கொண்டுதான் அவள் கேட்டாள். இயந்திரத்திடம் யாரும் இப்படிக் கேட்பதில்லை.

“அழுதாவ அத்தை.”

“உன்னைய ஏதும் ஏசினானா?”

“இல்ல. நீ திடமா இருன்னு சொன்னாவ.”

ராயம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு விம்மினாள். அப்புறம் மருமகளை இழுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டாள். “மூணு வருசம் ஆசையா வச்சிருந்திருப்பான். தாங்க மாட்டாம்ட்டி. நாளைக்கும் போ. நாலு வார்த்தை பேசி அவனைத் தேத்திட்டு வா. என்ன சொன்னாம்னு ஒண்ணு விடாம எங்கிட்ட சொல்லணும், கேட்டியா?”

“சொல்லுதேன் அத்தை” என்றாள் ஜெனோவா.