மேல்நாள், கீழ்நாள்

கடிதத்தை மேசைமேல் வைத்துவிட்டாள். வைத்த கையைத்தான் எடுக்க முடியவில்லை. பதினோரு நாளாகத் தலையணை உறைக்குள் ஒளிந்திருந்த காகிதம். இன்னொருவர் படித்துவிட்டால் அது உண்மையாகிவிடும் என்று சின்னவளுக்கு ஒரு பயம்.

"கையை எடுத்தாத்தானே படிக்க முடியும்?" என்றாள் தபாலம்மாவின் நாத்தனார்.

"அவசரப்படுத்தாதே," என்றாள் தபாலம்மா.

தபாலம்மா இருபத்தாறு வருடம் தபால் நிலையத்தில், விலாசம் தெரியாத கடிதங்களைப் பிரித்துப் படித்து உரியவரிடம் சேர்க்கும் வேலை பார்த்தவள். ஓய்வு பெற்ற பிறகும் ஊர் அவளை விடவில்லை. மொட்டைக் கடிதம் வந்தவர்கள் எல்லாம் அவள் வீட்டு மாடியேறினார்கள். கீழே நகல் கடை வைத்திருந்த அவள் நாத்தனார், கடைக்கு ஆள் வராதபோது மேலே வந்து துணைக்கு உட்கார்ந்துகொள்வாள். பெரும்பாலும் ஆள் வருவதில்லை.

சின்னவள் கையை எடுத்தாள்.

கோடு போட்ட நோட்டுத் தாள். இடது கையால் எழுதியதுபோல் எழுத்துகள் தள்ளாடின.

"உன் அக்கா சிறிச்சுக்கிட்டே கழுத்தை அறுக்கிறவ. நீ இல்லாதப்ப உன்னைப் பத்தி என்ன பேசுறான்னு உனக்குத் தெரியாது. பாவம் அவர். நாள் பூரா உழைச்சுட்டு மேலே போறார், உள்ளே ஒரே சிறிப்புச் சத்தம். கதவைத் திறந்தா நின்னுபோகுது. அவளை நம்பாதே."

"சிரிப்புக்குப் போய் வல்லின றகரம்!" நாத்தனார் முகர்ந்து பார்த்தாள். "எண்ணெய் வாசனை வேற அடிக்குது. வீட்டுக்காரர் பூட்டு சாவிக் கடைன்னு சொன்னீங்கல்ல? முடிஞ்சுது அண்ணி!"

"எங்க தையல் மெஷினுக்கும் அதே டப்பா எண்ணெய்தாங்க," என்றாள் சின்னவள். "அந்த நோட்டும் மூணு பேருக்கும் பொதுதான்."

நாத்தனாரின் முகம் காற்றுப் போன பலூனாயிற்று.

"வீட்டைப் பத்திச் சொல்லுங்க," என்றாள் தபாலம்மா.

சொல்வதற்கு நிறைய இல்லை. சாவிக்காரருக்கு இரண்டு மனைவிகள். பெரியவள் கீழ்த்தளத்தில், பதினைந்து வருடமாக. சின்னவள் மாடியில், நான்கு வருடமாக. கடை தெருமுனையில். இரண்டு பெண்களும் பகலில் ஒரு நாள் மாடியிலும் ஒரு நாள் கீழேயுமாகச் சேர்ந்து உட்கார்ந்து, ஒரு கடைக்குத் தலையணை உறை தைத்துக் கொடுக்கிறார்கள்.

"அவர் எப்ப எங்க இருப்பார்?"

"மூணு மேல்நாள், மூணு கீழ்நாள். ஞாயித்துக்கிழமை மூணு பேரும் சேர்ந்து சாப்பிடுவோம். மேல்நாள்னா கடையைப் பூட்டிட்டு நேரா மேலே வருவார். கீழ்நாள்னா கீழே போயிடுவார்."

தபாலம்மா தலையை மெதுவாக ஆட்டினாள். நாத்தனார் அதைக் கவனித்துவிட்டு, எதற்கென்று தெரியாமலே நோட்டில் குறித்துக்கொண்டாள்.

"யாரைச் சந்தேகப்படுறீங்க?"

சின்னவள் கடிதத்தைக் கவிழ்த்து வைத்தாள். கல்யாணமாகி வந்த அன்று மேலே கூட்டிப்போய், ஜன்னலைத் திறந்துவிட்டு, 'காத்து இந்தப் பக்கமாத்தான் வரும், கட்டிலை இப்படிப் போட்டுக்கோ' என்றவள் அக்கா. அவள் இல்லாமல் அந்த வீட்டில் சின்னவளுக்கு யார்? ஆனால் பதினோரு நாளாக அக்காவும் முகம் கொடுத்துப் பேசவில்லை. குற்றம் செய்த நெஞ்சுதானே குறுகுறுக்கும்?

"அவங்க குடுத்த டீயை நேத்து ஜன்னல் வழியாக் கொட்டிட்டேங்க," என்றாள். "ஞாயித்துக்கிழமை எங்க அண்ணன் வண்டி எடுத்துட்டு வர்றான். பெட்டி கட்டிட்டேன். போறதுக்கு முன்னாடி தெரிஞ்சாகணும். அக்காதானா?"

*

மறுநாள் நான்கு மணிக்குத் தபாலம்மாவும் நாத்தனாரும் அந்த வீட்டுக்கு வந்தார்கள். பெரியவள் கதவைத் திறந்தாள். வந்தவர்களையும் சின்னவளையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"உங்களுக்கு வந்ததை எடுத்துட்டு வாங்கம்மா," என்றாள் தபாலம்மா.

சின்னவள் திடுக்கிட்டாள். அக்காவுக்குமா?

"கடிதம் வந்த நாள்லேருந்து அவங்களும் உங்ககூடப் பேசலைன்னீங்களே," என்றாள் தபாலம்மா.

பெரியவள் மறுக்கவில்லை. தையல் மெஷினின் இழுப்பறையிலிருந்து நாலாக மடித்த தாளை எடுத்தாள். அதே கோடு, அதே தள்ளாட்டம்.

"சின்னவ தேன் ஒழுகப் பேசி உன் இடத்தைப் பிடிக்கப் பாக்கிறா. பாவம் அவர். கீழே போறார், அங்கேயும் அதே சிறிப்பு. கதவைத் திறந்தா நின்னுபோகுது. அவளை நம்பாதே."

"எப்ப வந்துது?"

"பன்னெண்டு நாளாச்சு. கதவுக்கடியில கிடந்துது." பெரியவள் தாளை மெஷின்மேல் வைத்தாள். "இவதான் எழுதினாளோன்னு... என்னை எரிச்சல்படுத்தி, நானே இவளைப் போன்னு சொல்லணும்னு எழுதினாளோன்னு நினைச்சேன்."

"நானா? அக்கா, நானா?"

"நீ மட்டும் என்னவாம்? டீ கொட்டின கறை சுவரெல்லாம் வழிஞ்சு நிக்குது. எனக்குக் கண்ணு இல்லையா?"

சின்னவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அவர் கடையிலிருந்து எத்தனை மணிக்கு வருவார்?" என்று தபாலம்மா ஒன்றும் நடக்காததுபோல் கேட்டாள்.

"ஆறுக்கு. என் முறைன்னா இங்கே வருவார். இல்லேன்னா மேலே போயிடுவார்."

"போதும். ஆறு வரைக்கும் உக்காந்திருப்போம்."

இரண்டு மணி நேரம். சின்னவளுக்கு அது இரண்டு வருடம். எதிரே அக்கா ஒரு உறையை எடுத்து, தைத்த தையலையே பிரித்துக்கொண்டிருந்தாள்.

சாவிக்காரர் வந்தார். மேல்நாள் என்று படியேறப் போனவரைப் பெரியவள் உள்ளே கூப்பிட்டாள். அறை நிறையப் பெண்களைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றார். மெஷின்மேல் அருகருகே கிடந்த இரண்டு தாள்களையும் பார்த்தார்.

"உக்காருங்க," என்றாள் தபாலம்மா. "ஒரே ஒரு கேள்வி. வேலை முடிஞ்சதும் எங்கே இருப்பீங்க?"

"எங்கே இருக்கிறது? மேல்நாள்னா மேலே போவேன். கீழ்நாள்னா கீழே போவேன்."

நாத்தனாரின் பேனா நின்றது. "அண்ணி!" என்று கிசுகிசுத்தாள். எதையோ பிடித்துவிட்டாள், என்னவென்றுதான் அவளுக்கே தெரியவில்லை.

"ரெண்டையும் எழுதினது ஒரே ஆள்," என்றாள் தபாலம்மா. "ரெண்டுலயும் சிரிப்புக்கு அதே தப்பான எழுத்து. வெளியாளும் இல்லை. கதவைத் திறந்தா சிரிப்பு நிக்கும்னு இந்த வீட்டு மூணு பேருக்குத்தான் தெரியும். இன்னொண்ணு, பொம்பளைங்க ரெண்டு பேரையும் 'அவ'ன்னு எழுதின கை, ஒருத்தரை மட்டும் மரியாதையா 'அவர்'னு எழுதியிருக்கு. பாவம்னு வேற பரிதாபப்பட்டிருக்கு."

"மரியாதை பெண்டாட்டிங்களுக்கும் இருக்கும்ல அண்ணி?"

"இருக்கும். அதனாலதான் வர்றதையும் போறதையும் பார்த்தேன்." தபாலம்மா இரண்டு தாள்களையும் விரலால் தொட்டாள். "மாடியில இருக்கிறவங்க என்ன சொன்னாங்க? மேலே வருவார், கீழே போவார். கீழே இருக்கிறவங்க? இங்கே வருவார், மேலே போவார். அவங்கவங்க இருக்கிற இடத்துக்கு 'வர்றது'தான். யோசிச்சுப் பேசுறதில்லை, வாயில தானா வரும். இவங்க ரெண்டு பேர்ல யார் ரெண்டு கடிதத்தையும் எழுதியிருந்தாலும், ஒண்ணுலயாவது 'வர்றார்'னு விழுந்திருக்கணும். இதுல மேலே 'போறார்', கீழேயும் 'போறார்'. அப்படின்னா எழுதினவருக்கு மேலேயும் 'இங்கே' இல்லை, கீழேயும் 'இங்கே' இல்லை."

சாவிக்காரரின் கையில் வளையத்தோடு இருந்த சாவிகள் லேசாகக் கிலுகிலுத்தன. ஊரில் எந்தப் பூட்டையும் திறக்கிற கை அது.

"நீங்களா?" என்றாள் பெரியவள். "பதினஞ்சு வருஷத்துல ஒரு பொய் சொன்னதில்லையே!"

"நான் வந்தா சிரிப்பை நிறுத்துறீங்க." அவர் குரல் தரையைப் பார்த்து வந்தது. "ரெண்டு கதவுலயும். படியில நிக்கும்போது நல்லாக் கேக்கும். திறந்தா சத்தமே இருக்காது. ஆளுக்கொரு பக்கம் எழுந்து போயிடுவீங்க. முன்னல்லாம் ரெண்டு பேரும் எனக்காகச் சண்டை போடுவீங்கன்னு பயந்தேன். அப்புறம், நான் இல்லாமயே இந்த வீடு நல்லாத்தான் இருக்குன்னு..."

"என்னன்னு நினைச்சீங்க?" என்றாள் பெரியவள். "உங்க குறட்டையைப் பத்திப் பேசிட்டிருப்போம். மேல்நாள் குறட்டை பெருசா, கீழ்நாள் குறட்டை பெருசான்னு. உங்க முன்னாடியா சிரிக்க முடியும்?"

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டாள். வேறு யாரும் சிரிக்கவில்லை.

சின்னவளுக்குக் கோபம் வரவேண்டியது அவர்மேல். வந்தது தன்மேல். நான்கு வருடத்து அக்காவை நாலு வரி எப்படி அழித்தது? இந்த வீட்டில் தான் ஒட்டுச்செடிதான் என்ற பயம் உள்ளே முதல் நாளிலிருந்தே இருந்திருக்கிறது. கடிதம் அதற்குத் தண்ணீர் ஊற்றியது, அவ்வளவுதான்.

தபாலம்மா எழுந்தாள். "எழுதினது அவர். அதை அவர்தான் சரிபண்ணணும். ஆனா நம்பினது நீங்க ரெண்டு பேரும். ஒருத்தராவது தாளை நீட்டி, 'இதைப் பாரு'ன்னு கேட்டிருந்தா, என் வீட்டு மாடியை யாரும் ஏறியிருக்க வேண்டாம்."

அவர்கள் போனதும் சாவிக்காரரும் வெளியே போனார்.

பெரியவள் டீ போட்டுக்கொண்டு வந்தாள். சின்னவள் ஆறும்வரை காத்திருக்கவில்லை. நாக்கு சுட்டது, முழுக்கக் குடித்தாள்.

"அண்ணன்கிட்ட வர வேண்டாம்னு சொல்லிட்டியா?"

"பெட்டி கட்டினது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கட்டிலுக்கடியில இழுத்த சத்தம் என் தலைக்கு மேலதானே கேட்டுது. உன் அண்ணன் வண்டியில அந்தப் பெட்டி ஏறுமா? போன தடவை ரெண்டு தலையணையை ஏத்தினதுக்கே டயர் வெடிச்சுதே."

சின்னவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பெரியவளும் சேர்ந்துகொண்டாள். பன்னிரண்டு நாள் அடக்கிவைத்ததெல்லாம் சேர்ந்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள்.

வாசலில் காலடிச் சத்தம் கேட்டது. இருவரும் சட்டென்று நிறுத்தினார்கள்.

நிறுத்திய பிறகுதான் அந்த அமைதி சின்னவளின் காதில் விழுந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் அது எப்படிக் கேட்கும் என்பதும் முதன்முறையாகப் புரிந்தது. இன்று மேல்நாள். காலடிகள் படியேறவும் இல்லை, கதவருகே வரவும் இல்லை.

பெரியவள் அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, வெளியே கேட்கும்படி உரக்கச் சொன்னாள்: "சரி, டயர் வெடிச்சப்ப உன் அண்ணன் என்ன பண்ணினான்? சொல்லு."

சின்னவள் சொல்லத் தொடங்கினாள். கதவு மெல்லத் திறந்தது. அவள் 'வாங்க' என்று சொல்லவில்லை. அது இன்னும் நாக்குவரை வரவில்லை. ஆனால் பேச்சை நிறுத்தவும் இல்லை.