குடல் திணித்த சக்கரம்

அந்த மார்கழிக் குளிரில் சூடாக இருந்த ஒரே பொருள் அர்த்தனாரியின் பின்சக்கரம்தான். மூக்கு மரத்துப்போயிருந்தது, விரல்கள் ஹேண்டில்பாரைப் பிடித்தபடியே விறைத்திருந்தன. ஆனால் சீட்டுக்கு அடியிலிருந்து மட்டும், யாரோ இப்போதுதான் எழுந்துபோன படுக்கையைப் போல, ஒரு வெதுவெதுப்பு தொடையில் ஏறிக்கொண்டிருந்தது. 

எல்லாம் அக்காள் புருஷன் குழந்தைசாமி செய்த வேலை. சேந்தமங்கலத்து ஆட்கள் நான்கு பேர் சைக்கிளிலேயே கொல்லிமலையைக் கடப்பதென்று கிளம்பியது அவர் பேச்சைக் கேட்டுத்தான். "இவரைப் பத்திரமா ஊடு கொண்டாந்து சேத்துடு சாமி" என்று பொன்னம்மாள் அக்காள் தம்பியிடம் சொல்லித்தான் அனுப்பினாள். காளப்பநாயக்கன்பட்டிக்கு மேல் ரோடு இல்லை. அங்கிருந்து சைக்கிள்தான் மனிதன் மேல் ஏறி வந்தது.

மலைமேல், வாழவந்தி நாட்டுத் தடத்தில், அர்த்தனாரியின் டியூப் கிழிந்தது. யுத்த காலத்தில் ரப்பருக்கு எங்கே போவது? டயருக்குள் புல்லைத் திணித்தார்கள். கொஞ்ச தூரத்திலேயே கூழாகிவிட்டது. செங்கோடனும் இன்னொருவனும் இருட்டுவதற்குள் இறங்க வேண்டும் என்று முன்னால் போய்விட்டார்கள். அப்போதுதான் மச்சான் அதைப் பார்த்தார். மரத்தடியில் குங்குமம் பூசிய கல். அதன் முன்னால், வாழை இலையில், மலைக்காரர்கள் அன்று வெட்டிப் படைத்த ஆட்டின் குடல்.

"கறி இவனுகளுக்காம், கொடலு மட்டும் சாமிக்காம்! பங்கு பிரிச்சதப் பாத்தியா மாப்ள?" தொந்தி குலுங்கச் சிரித்துக்கொண்டே அள்ளினார்.

"வேண்டாமுங்க மச்சான். எனக்குக் கொமட்டுதுங்க."

"கவுச்சின்னா காத தூரம் ஓடறவனாச்சே. அந்தப் பக்கம் திரும்பி நில்லு கண்ணு."

திரும்பி நின்றான். காதை என்ன செய்வது? சளசளவென்று அது டயருக்குள் போவது முழுக்கக் கேட்டது. மச்சான் கையைப் புல்லில் துடைத்துவிட்டு, அதே கையால் வெற்றிலை மடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

இப்போது திருப்புலி நாடு. தூறலும் பனியும் சேர்ந்து, தடத்தின் இருபுறமும் இருந்த மிளகுக் கொடிகளை மறைத்துவிட்டன. டயரின் வெடிப்பிலிருந்து ஏதோ கசிந்து அவன் கெண்டைக்காலில் பிசுபிசுத்தது. முதலில் பச்சைக் கவுச்சிதான் அடித்தது. போகப் போக நாற்றம் மாறியது. மத்தியானம் தின்ற களி புளித்த வாடை. பிறகு வெற்றிலை. பிறகு மச்சானின் புகையிலை.

அர்த்தனாரி வெற்றிலை போடுகிறவன் அல்ல.

தொளதொளவென்று கிடந்த டயர் இப்போது கல்லாக விம்மியிருந்தது.

"மாப்ள, வயிறு என்னமோ பண்ணுதுடா," பின்னாலிருந்து மச்சான். "மெதுவாப் போ."

அவன் மிதித்தான். பின்னால் ஒரு முனகல். மிதித்தான். முனகல். நிறுத்தினான். அதுவும் நின்றது.

திரும்பிப் பார்த்தான்.

மச்சானின் சைக்கிள் தரையில் கிடந்தது. அவர் நழுவும் வேட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். சட்டை ஆணியில் மாட்டியதுபோலத் தொங்கியது. அந்தத் தொந்தி எங்கே?

அர்த்தனாரி குனிந்தான். டயர் வெடிப்பில் இளஞ்சிவப்பாக ஒன்று பிதுங்கியிருந்தது. குளிரில் ஆவி விட்டது. நெளிந்தது. பிடுங்கி எறிய விரலை வைத்தான்.

"தொடாத!" என்று அலறினார் மச்சான். "தொடாதடா, உயிரே போவுது!"

கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். சைக்கிளைத் தரையில் சாய்த்தான். பின்சக்கரம் தானாகவே சுற்றியது. மச்சான் துடித்து மண்டியிட்டார். பதறி வண்டியை நிமிர்த்தி, சக்கரத்தை மண்ணோடு அழுத்தினான். நின்றது.

"செங்கோடா!" பனிக்குள் கத்தினான். முன்னால் போனவர்கள் எப்போதோ இறங்கியிருப்பார்கள்.

எதிரே மலை இறக்கம் தொடங்கியது. தடமெல்லாம் ஈரம்.

"உட்ராத கண்ணு."

"புடிச்சிருக்கேனுங்க மச்சான்."

பிரேக்கை இறுக்கினான். ரிம்மில் கொழகொழவென்று வழுக்கியது. குதிகாலை ஊன்றினான். சேறு சறுக்கியது. உள்ளங்கையிலும் அந்தப் பிசுபிசுப்பு. அந்த வெதுவெதுப்பு.

சக்கரம் ஒரு சாண் உருண்டது.

பின்னால், மச்சானின் சட்டை முதுகெலும்போடு போய் ஒட்டியது.