மெரித்தூலியின் சின்ன மூடி

நவம்பர் பிறந்து முதல் வெள்ளிக்கிழமை. துர்க்கு நகரத்தின் கப்பல் காப்பீட்டு அலுவலகத்துக்குள் வந்தவர் தொப்பியைக் கழற்றவில்லை, நாற்காலியில் உட்காரவும் இல்லை.

"என் கப்பல் மிதக்க முடியாம நிக்குது. ஒரு மூடியைக் காணோம்," என்றார்.

காப்பீட்டு விசாரணை அதிகாரி ஹெல்கா காபிக் கோப்பையை அவர் பக்கம் நகர்த்தினார். உதவியாளன் இல்மரி அதற்குள் மேலங்கியை மாட்டிக்கொண்டிருந்தான். நாற்பது வயதில் விவாகரத்தானவன். வீட்டில் பேச ஆளில்லாததால் அலுவலகத்தில் இரண்டு ஆளுக்குச் சேர்த்துப் பேசுவான்.

வந்தவர் வெஸ்தர்லுண்ட், மெரித்தூலி என்ற உல்லாசக் கப்பலில் கேப்டனுக்கு அடுத்த தலைமை அதிகாரி. அடிப்பாகத்தில் ஒட்டிய பாசியைச் சுரண்டவும் வண்ணம் பூசவும் நாந்தலியில் உள்ள டாக்கில், கப்பல் நுழைந்ததும் தண்ணீரை வெளியேற்றும் பள்ளத்தில், கப்பலை நிறுத்தியிருந்தார்கள். டாக்கில் தண்ணீர் வற்றியதும், கப்பலின் அடியில் உள்ள தொட்டிகளின் திருகுமூடிகளைக் கழற்றி மிச்ச நீரை வடிப்பது வழக்கம். கழற்றிய மூடிகள் தலைமை அதிகாரியின் பொறுப்பு. அத்தனையும் திரும்ப மாட்டினால்தான் டாக்கில் தண்ணீர் விடுவார்கள்.

"நேத்து காலையில எல்லாம் இருந்துச்சு. இன்னைக்கு ஒண்ணு இல்ல. இன்னைக்கு சாயங்காலம் தெற்கே கிளம்பணும். எங்க கம்பெனி மூணு புதுக் கப்பல் கட்டுது. முதல் கப்பலுக்கு நான்தான் கேப்டன்னு பேச்சு. ஒரு மூடியைக் காப்பாத்தத் தெரியாதவனுக்கு யாரு கப்பலைக் குடுப்பாங்க?"

டாக்கின் படிக்கட்டில் அதன் பொறுப்பாளர் ரெய்யோ இல்மரியை மறித்தார்.

"தீப்பெட்டி, லைட்டர் இருந்தா இங்க வச்சிட்டுப் போப்பா. உள்ள ஒரு மெழுகுவத்தி கூட ஏத்தக் கூடாது. டாக்குல மட்டும் இல்ல, கடல்லயும் அதே சட்டம்தான்."

"நான் சிகரெட்ட விட்டு ஒரு வருஷமாச்சுங்க."

"மூஞ்சியப் பாத்தா நேத்துதான் விட்ட மாதிரி இருக்கு," என்றார் ரெய்யோ.

தண்ணீரில்லாத பள்ளத்தில் மரக்கட்டைகளின் மேல் கப்பல் உட்கார்ந்திருந்தது. உள்ளே வெப்பமூட்டியை நிறுத்தியிருந்தார்கள். ஆயிரம் பேர் ஆடிப்பாடும் கூடங்களில் நாற்காலிகள் கவிழ்ந்து கிடந்தன. நீண்ட நடைபாதையில் தன் காலடிச் சத்தமே பின்னால் வருவதைக் கேட்ட இல்மரிக்குத் தன் வீட்டு ஞாபகம் வந்தது.

மூடிப்பெட்டி வெஸ்தர்லுண்டின் அறையில் இருந்தது. ஒவ்வொரு மூடிக்கும் ஓர் ஆணி. காணாமல் போன மூடியின் ஆணியில் அதன் தகர அடையாளச் சீட்டும் ரப்பர் வளையமும் மட்டும் ஒழுங்காகத் தொங்கின.

"எந்த மூடி?" என்று கேட்டார் ஹெல்கா.

"சின்னது. நம்ம பட்டறையில ஒரே நாள்ல கடைஞ்சு குடுத்துடுவாங்க," என்றார் ரெய்யோ. "இதோ, இந்தப் பெரிய மூடி போயிருந்தா வார்ப்புக்கு அனுப்பணும், மூணு வாரம் ஆகும். இப்பவே எனக்கு மண்டை காயுது. இவங்க கம்பெனியோட அடுத்த கப்பல் வெளிய வரிசையில நிக்குது."

இந்த அறையைத் திறக்கக்கூடியவர்கள் வெஸ்தர்லுண்டைத் தவிர மூவர்: ரெய்யோ, இரண்டாம் அதிகாரி காஸ்பர், அறைகளைப் பராமரிக்கும் குழுவின் தலைவி ஓர்வொக்கி.

காஸ்பர் சிரித்துக்கொண்டே வந்தான். "என்னைத்தானே சந்தேகப்படுறீங்க? அவர் விழுந்தா எனக்குப் பதவி. நானே என்னைத்தான் சந்தேகப்படுவேன். ஆனா மேடம், இந்த மூடியெல்லாம் எங்களை விட எய்னோவுக்குத்தான் தெரியும். மாலுமிகளுக்கெல்லாம் தலைவரு, முப்பது வருஷம் அவர்தான் கழட்டினாரு. ஓர்வொக்கி அக்காவோட வீட்டுக்காரர். வசந்தத்துல தவறிட்டாரு, பாவம். இங்க நாந்தலியிலதான் புதைச்சாங்க. அக்கா அப்ப நடுக்கடல்ல."

ஓர்வொக்கியின் சிறிய அறையில் இலவங்கப்பட்டை போட்ட பன் வாசனை. அறுபதை நெருங்கும் அந்தப் பெண்மணி கேட்காமலேயே காபி ஊற்றினார். அலமாரியில் ஒரு கடைப்பை. அதிலிருந்து தகர மூடி போட்ட வெள்ளைக் கல்லறை மெழுகுவர்த்தியும் புதுத் தீப்பெட்டியும் எட்டிப் பார்த்தன. நாளை புனிதர் திருநாள், ஊரெல்லாம் கல்லறைகளில் மெழுகுவர்த்தி ஏற்றும் நாள். இந்த வாரம் எந்தக் கடையிலும் வாசலிலேயே அடுக்கியிருப்பார்கள் என்பதால் இல்மரி அதைப் பொருட்படுத்தவில்லை.

"கடைக்குப் போனீங்களா?" என்று கேட்டார் ஹெல்கா.

"புதன்கிழமை போனேன். எல்லாருக்கும் காபித்தூள் வாங்கணும்ல. இன்னொரு பன் எடுத்துக்குங்க. தம்பி ரொம்ப மெலிஞ்சிருக்காரு."

ஒருவர் தன்னைச் சாப்பிடச் சொல்லி எவ்வளவு காலமாயிற்று என்று இல்மரி யோசித்தான்.

பிற்பகலில் அதிகாரிகளின் உணவறையில் எல்லோரையும் உட்கார வைத்தார் ஹெல்கா.

"காஸ்பர்தான்," என்று காதில் கிசுகிசுத்தான் இல்மரி. "முழியே சரியில்ல மேடம்."

"அவன் முழி பிறந்ததுலேர்ந்தே அப்படித்தான் இருக்கும், சும்மா இரு," என்றவர், மற்றவர்கள் பக்கம் திரும்பினார்.

"வெஸ்தர்லுண்டைக் கவுக்க நினைச்சவரு பெரிய மூடியை எடுத்திருப்பாரு. மூணு வாரம் கப்பல் நகராது. ஆனா போனது சின்னது. எடுத்தவருக்கு ஒரு நாள் போதும், அதுக்கு மேல வேண்டாம். அதனால காஸ்பர் இல்ல. வெளிய ஒரு கப்பல் காத்திருக்கிறப்போ ரெய்யோவுக்கு ஒரு நாள் தாமதமே நஷ்டம். அப்புறம், அடையாளச் சீட்டும் வளையமும் தொலையாம ஆணியில மாட்டியிருக்கு. மூடியைத் திரும்பக் குடுக்கணும்னு நினைச்ச கை அது. இந்தக் கப்பலை நேசிக்கிற கை."

ஹெல்கா யாரையும் பார்க்காமல் தொடர்ந்தார்.

"நாளைக்கு இந்தக் கப்பல் கடல்ல இருக்கணும். கடல்ல மெழுகுவத்தி ஏத்த முடியாது. அப்படின்னா, நாளைக்குக் கல்லறையில ஏத்துற மெழுகுவத்தியை ஒருத்தர் புதன்கிழமையே ஏன் வாங்கணும்? மூடி அப்ப பெட்டிக்குள்ள பத்திரமா இருந்துச்சே. கப்பல் கிளம்பாதுன்னு அவங்களுக்கு மட்டும் எப்படித் தெரிஞ்சுது?"

இல்மரியின் கையிலிருந்த பன் தட்டில் விழுந்தது.

ஓர்வொக்கி எழுந்து தன் அறைக்குப் போனார். கம்பளிக் காலுறை ஒன்றோடு திரும்பி வந்து, அதிலிருந்து பித்தளை மூடியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"திருகு மரை தேயக் கூடாதுன்னு எய்னோவோட காலுறையில சுத்தி வச்சேன். எது போனா ஒரே நாள்ல சரியாகும்னு அவர் சொல்லிக் குடுத்ததுதான்."

வெஸ்தர்லுண்டின் முகம் வெளுத்தது. "ஒரு நாள் லீவு கேட்டிருக்கலாமே!"

"கேட்டேன். போன வாரம். புதுக் கப்பலுக்கு ஆள் பத்தல, யாருக்கும் லீவு கிடையாதுன்னீங்க."

"எதுக்குன்னு சொல்லலியே!"

"நீங்க கேக்கலியே." அவர் மேசை விரிப்பின் சுருக்கத்தை நீவினார். "அடக்கத்துக்கும் வரல. அவருக்குன்னு ஒரு விளக்கு கூட நான் இன்னும் ஏத்தல. எல்லார் தலைமாட்டுலயும் வெளிச்சம் இருக்கும், அவர்கிட்ட மட்டும் இருட்டா இருக்கும். அதைத்தான் என்னால தாங்க முடியல. உங்க பதவிக்கு ஆபத்து வரும்னு யோசிக்கல. அது என் தப்பு."

சுவரிலிருந்த தொலைபேசி அடித்தது, தலைமை அலுவலகம். வெஸ்தர்லுண்ட் எடுத்தார். மூடி கிடைத்துவிட்டது. இப்போது மாட்டினால் இன்று மாலையே தண்ணீர் விடலாம். அவர் மூடியையும் காலுறையையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மூடி கிடைச்சிடுச்சு. என் பொறுப்புல இருந்தது, என் தப்பு. ஆனா மரையைச் சோதிக்காம கப்பலை இறக்க மாட்டேன். நாளைக்கு ராத்திரி கிளம்புறோம்."

மறுமுனை நெடுநேரம் பேசியது.

"புரியுது. அப்ப புதுக் கப்பலுக்கு வேற ஆளைப் பாத்துக்குங்க," என்று சொல்லி வைத்துவிட்டார்.

ரெய்யோ தொண்டையைச் செருமினார். "நல்லா சோதிக்கணும்ப்பா. அவசரப்படக் கூடாது."

மறுநாள் பொழுது சாயும்போது நாந்தலிக் கல்லறைத் தோட்டம் முழுக்கச் சுடர்கள். எய்னோவின் கல் கடலோரச் சரிவில் இருந்தது. காற்று ஓர்வொக்கியின் தீக்குச்சிகளை ஒவ்வொன்றாக அணைத்தது. வெஸ்தர்லுண்ட் வந்து காற்று வரும் பக்கம் முதுகைக் காட்டி நின்றார். அவர் அருகில் ஹெல்கா. இல்மரி மண்டியிட்டு மெழுகுவர்த்தியைச் சுற்றி இரண்டு உள்ளங்கைகளையும் குவித்தான்.

சுடர் தள்ளாடியது, பிறகு நிமிர்ந்து நின்றது.

"அப்பாடா," என்றார் ஓர்வொக்கி, கல்லிடம்.

ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்த இல்மரி, ஒன்றும் சொல்லாமல் மூடிக்கொண்டான். குவித்த கைகளை மட்டும் எடுக்கவில்லை.