அறுபது மார்க்கில் ஒரு கொலை

டெலிபோன் அடித்துக்கொண்டே இருந்தது.

அந்த வீட்டில் இருப்பதே ஒரு டெலிபோன்தான். அதுவும் வீட்டுப் பொறுப்பாளரான 'தலைமை'யின் அறையில். தினமும் காலையில் தேர்வுத் துறையிலிருந்து அழைப்பு வரும். மணி முழுதாக அடிப்பதற்குள் எடுத்துவிடுவார் மனிதர்.

இன்று எடுக்கவில்லை.

பக்கத்து அறைக்காரி எழுந்து போய்க் கதவைத் தட்டினாள். "சார்... போன் அடிக்குது சார்..."

மறுபடியும் தட்டினாள். கதவைத் தள்ளினாள். பூட்டாமல் இருந்த கதவு திறந்துகொண்டது. உள்ளேயிருந்து குப்பென்று சூடான காற்று முகத்தில் அடித்தது. ஜன்னல் எல்லாம் மூடியிருந்தது. மூலையில் அவருடைய இன்சுலின் ஊசி மருந்து வைக்கிற குட்டி ஃப்ரிட்ஜ் வாய் பிளந்தபடி உறுமிக்கொண்டிருந்தது.

கட்டிலில் தலைமை. முகத்தின் மேல் தலையணை.

கையைத் தொட்டாள். உடம்பு இன்னும் கதகதப்பாகவே இருந்தது. ஆனால் உயிர் இல்லை.

கத்தினாள். காவலாளி ஓடிவந்து எட்டிப் பார்த்து, அவளை வெளியே இழுத்து, கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டான். போலீஸ் வரும்வரை வேறு யாரும் உள்ளே போகவில்லை.

அது கேள்வித்தாள் தயாரிக்கிற வீடு. பாடத்துக்கு ஒருவராக ஆசிரியர்களை அழைத்து வந்து, செல்போனைப் பிடுங்கி, பரீட்சை முடிகிறவரை வெளியே விடாமல் அடைத்துவிடுவார்கள். ஒருவர் எழுதிய கேள்வியை இன்னொருவர் பார்க்கக் கூடாது. பெயர்கூட வேண்டாம். கணக்கு, இயற்பியல், வரலாறு... பாடம்தான் பெயர்.

பக்கத்து அறைக்காரிக்கு வைத்த பெயர் 'பத்தாம் கிளாஸ்'. வயது நாற்பத்தெட்டு!

அவள் வேலை அப்படி. எல்லாக் கேள்வித்தாளையும் முதலில் அவள்தான் உட்கார்ந்து எழுதிப் பார்ப்பாள். மூன்று மணி நேரம் போதுமா, சுமாரான பிள்ளை எங்கே திணறும், எங்கே தப்பாக எழுதும் என்று சொல்ல வேண்டும். நன்றாகப் படிக்கிற பிள்ளை மாதிரி எழுதினால் வேலை போய்விடும். அறுபது மார்க் வாங்குகிற பிள்ளை செய்கிற தப்பையெல்லாம் அச்சு அசலாகச் செய்ய வேண்டும். தப்பு செய்யச் சம்பளம் வாங்குகிற ஒரே ஆள் அவளாகத்தான் இருக்கும்.

வீட்டுக்குப் போனால் பேச ஆள் கிடையாது. தங்கை ஒருத்தி இருக்கிறாள். அவசரம் என்றால் மட்டும் கூப்பிடுவாள், அவளுக்கு அவசரமே வருவதில்லை. அதனால் மற்றவர்களுக்கு ஜெயிலாக இருந்த இந்த வீடு இவளுக்குப் பிடித்திருந்தது. அதிலும் வரலாறு வந்த பிறகு. சாப்பாட்டு மேசையில் பக்கத்து நாற்காலியை அவளுக்காகப் பிடித்து வைத்திருப்பார். "இன்னைக்கு எப்படிப் போச்சுங்க?" என்று கேட்பார். அந்த ஒரு கேள்விக்காகவே காலையிலிருந்து காத்திருப்பாள்.

இன்ஸ்பெக்டர் ஒரு பெண். வாயில் சூயிங்கம், கண்ணில் சந்தேகம்.

"நேத்து ராத்திரி சாப்பிடும்போது தலைமையோட சண்டை போட்டது யாரு?"

"இயற்பியல் சார், மேடம். அவர் வெச்ச ஒரு கேள்வியைத் தலைமை அடிச்சிட்டார். அந்தக் கோபம்."

"என்ன கேள்வி?"

"மூடின ரூம்ல ஃப்ரிட்ஜைத் திறந்து வெச்சா ரூம் என்ன ஆகும்னு..."

இன்ஸ்பெக்டர் சூயிங்கத்தை நிறுத்தினாள். "அப்போ கையெழுத்தே போட்டுட்டுப் போயிருக்கார் அந்த ஆளு."

"மத்தவங்க?" என்று அவளே தொடர்ந்தாள்.

"கணக்கு சார், வரலாறு சார், நான். சாப்பிட்டதும் சீட்டு விளையாடினோம். மீதிப் பேர் அவங்கவங்க ரூமுக்குப் போயிட்டாங்க. நாங்க மூணு பேரும் படுக்கப் போற வரைக்கும் ஒண்ணாத்தான் இருந்தோம்."

"டாக்டரால நேரம் சரியாச் சொல்ல முடியலை. ரூம் அவ்வளவு சூடு. நீங்க ஒண்ணு செய்யுங்க. ஃப்ரிட்ஜ் திறந்திருந்ததை யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க."

தலையாட்டினாள்.

இயற்பியலை ஓர் அறையில் உட்கார வைத்துக் குடைய ஆரம்பித்தார்கள். சாப்பாட்டு அறையில் அவள் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

வரலாறு இரண்டு டீயோடு வந்தார். ஒன்றை அவள் பக்கம் நகர்த்தினார்.

"குடிங்க. பயந்துபோயிருக்கீங்க."

அழுகை வந்தது அவளுக்கு. பயத்தில் இல்லை, கேட்க ஒருவர் இருக்கிறாரே என்பதில்.

"நீங்க உள்ள வந்து பார்த்தீங்களா சார்?"

"எனக்குப் பிணம்னாலே ஆகாதுங்க. அந்தப் பக்கமே போகலை." பெருமூச்சு விட்டார். "பாவம் மனுஷன்... அந்தக் குளிர்ல விறைச்சுப்போய்க் கிடந்திருப்பார். நாம சீட்டு விளையாடும்போதே முடிஞ்சிருக்கும்."

டீயை வாயருகே கொண்டுபோனவள் அப்படியே நிறுத்தினாள்.

குளிரா?

உள்ளே போகாதவருக்குக் குளிர் ஞாபகம் ஏன் வந்தது?

போன வாரம் இதே மேசையில் அவர் கேட்டது நினைவுக்கு வந்தது. இயற்பியல் எப்படிப் போச்சு? அவளும் ஆசை ஆசையாகச் சொன்னாள். ஃப்ரிட்ஜைத் திறந்து வைத்தால் ரூம் ஏசி போட்ட மாதிரி ஜில்லென்று ஆகிவிடும் என்று எழுதியதாக. அறுபது மார்க் பிள்ளை அப்படித்தான் எழுதும். அவள் எழுதியது தப்பு என்று மட்டும் அவரிடம் சொல்லவில்லை. அவர் அவ்வளவு ஆர்வமாகக் கேட்டுக்கொண்டிருந்தார், கெடுக்க மனம் வரவில்லை.

இப்போது சொல்லலாம்... சொல்லாமலும் இருக்கலாம். அவர் குளிர் என்று சொன்னதைக் கேட்டது அவள் ஒருத்திதான். வாயை மூடிக்கொண்டால் நாளைக்கும் பக்கத்து நாற்காலி அவளுக்குத்தான். பக்கத்து அறையில் இயற்பியல் குரல் உடைந்து, "நான் இல்லைங்க... நான் இல்லைங்க..." என்று சொல்வது கேட்டது.

டீயை வைத்துவிட்டு எழுந்து இன்ஸ்பெக்டரிடம் போனாள்.

"மேடம், ஃப்ரிட்ஜ் உள்ளே இருக்கிற சூட்டை எடுத்துப் பின்பக்கமா வெளியே தள்ளும். திறந்து வெச்சா அதே ரூம்லதான் தள்ளும். மோட்டார் சூடும் சேர்ந்துக்கும். ரூம் கொதிக்கும். இயற்பியல் சாருக்கு இது தூக்கத்துலயும் தெரியும்."

"அப்போ திறந்து வெச்சது யாரு?"

"குளிரும்னு நம்பினவர். உடம்பு சீக்கிரம் ஆறிப்போனா, சாவு முன்னாடியே நடந்த மாதிரி தெரியும். அப்போ அவர் எங்களோட சீட்டு விளையாடிட்டு இருந்தார்னு ஆயிடும்." "கணக்கு சார்கிட்ட நான் கேள்வித்தாள் பத்திப் பேசினதே இல்லை. வரலாறு சாருக்கு நான்தான் தப்பா சொல்லிக் கொடுத்தேன். ரூமுக்குள்ளயே போகாதவர் இப்போ 'குளிர்ல விறைச்சுக் கிடந்திருப்பார்'னு சொல்றார்."

இன்ஸ்பெக்டர் அவளையே பார்த்தாள். "தினமும் கேப்பாரா, என்ன எழுதினீங்கன்னு?"

"தினமும்."

"எல்லாப் பாடமுமா?"

"எல்லா..."

நின்றுவிட்டாள். தலைமையை விட்டால் எல்லாக் கேள்வித்தாளையும் பார்க்கிற ஒரே ஆள் இந்த வீட்டில் யார்? அவள்தான்.

போலீஸ் தேடியபோது, வெளியே சலவைக்கு அனுப்பக் கட்டி வைத்திருந்த துணி மூட்டையில், வரலாற்றின் சட்டைக் காலரைப் பிரித்ததும் குட்டிக் குட்டியாக எழுதிய கேள்விகள் விழுந்தன. கணக்கு, வேதியியல், உயிரியல்... ஒரு பாடம் பாக்கியில்லை. முந்தின மூட்டையில் இதே மாதிரி ஒன்றைத் தலைமை நேற்று கண்டுபிடித்திருந்தார். காலையில் போன் வந்ததும் தேர்வுத் துறைக்குச் சொல்லிவிடுவேன் என்று வரலாற்றிடம் சொன்னாராம். அந்தப் போனைத்தான் அவர் எடுக்கவில்லை.

விலங்கோடு வரலாறு அவளைக் கடந்து போனார்.

"சார்," என்றாள். "தினமும் எனக்கு நாற்காலி பிடிச்சு வெச்சீங்களே... அதுல கொஞ்சமாவது நெசம் இருந்துதா?"

அவர் தரையைப் பார்த்தார். "முதல்ல இல்லை. அப்புறம்... இருந்துது."

அந்தப் பதிலுக்கு மார்க் போட அவளுக்குத் தெரியவில்லை. ஜீப் போகும்வரை வாசலிலேயே நின்றாள்.

இன்ஸ்பெக்டர் பக்கத்தில் வந்தாள். "இதுக்கு முன்னாடி போன துணி மூட்டைங்களோட கேள்வியெல்லாம் வெளியே போயிடுச்சு. எல்லாப் பேப்பரையும் புதுசா தயாரிக்கணுமாம். நீங்க முதல்ல இருந்து எல்லாத்தையும் எழுதணும். கஷ்டம்தான் இல்லே?"

"கஷ்டம் என்ன மேடம். புது ஆளுங்க வருவாங்க இல்லே?"

"மறுபடியும் யாராவது பக்கத்துல வந்து உட்கார்ந்து பேசினா என்ன பண்ணுவீங்க?"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"பேசுவேன் மேடம். வானிலை, வயித்து வலி, வாடகை... பாடத்திட்டத்துல இல்லாததா பார்த்துப் பேசுவேன்."