சிரிக்கிற ஷாட்

ஐஸ் பெட்டிக்குள் யாரும் இல்லாதபோதே கண்ணாடி மூடியின் உள்பக்கம் பனி படிந்திருந்தது. தலை வைக்கிற இடத்துக்கு நேர் மேலே, யாரோ வாய் வைத்து ஊதினாற்போல ஒரு கையகலம். சின்னதுரை தோளில் கிடந்த துண்டால் அழுத்தித் துடைத்துப் பார்த்தான். போகவில்லை. துடைக்கத் துடைக்கச் சுருங்கியது, மறுபடி விரிந்தது. இத்தனைக்கும் பெட்டிக்கு இன்னும் கரண்ட் கொடுக்கவே இல்லை. ஒயர் சுருட்டினபடி கீழே கிடந்தது.

"வெயில்ல எடுத்தாந்தாங்கல்ல, அதாண்ணா," என்றான் விமல்.

விமலுக்கு கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் வேலை. வாரத்தில் லீவு நாள் மட்டும் டைரக்டர். பக்கத்து இரும்பு ஆலையில் கான்ட்ராக்டில் இருக்கும் சின்னதுரையை, முகத்தில் களை இருக்கிறது என்று சொல்லி நடிக்கக் கூட்டி வந்தவனும் அவன்தான். அந்தக் களைக்கு இன்று பிண வேஷம். பிணம் வைக்கிற ஐஸ் பெட்டியையே வாடகைக்கு எடுத்துவிட்டான்.

இந்தப் படத்தில் சின்னதுரை ஏற்கெனவே மூன்று முறை தப்பியிருந்தான். முதல் வாரம் லைட் ஸ்டாண்டு சாய்ந்து காதுக்கு ஒரு சாண் தள்ளி விழுந்தது. அடுத்த வாரம் மாடியிலிருந்து இறங்கும்போது கயிறு அறுந்து, சன்ஷேடு தாங்கிக்கொண்டது. போன வாரம் ஈரத் தரையில் ஒயர் கசிந்து, யாரோ மெயினை அணைத்ததால் பிழைத்தான். ஆயுசு கெட்டி என்று எல்லாரும் சிரித்தார்கள். அவனுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

படுப்பதற்கு முன் மகளுக்கு போன் போட்டான். ஏஞ்சலுக்கு ஒன்பது வயது. அவள் அம்மா ஞானம்மாவுக்கு இரண்டாவது ஷிப்டு, வீடு திரும்ப ராத்திரி பத்தாகும். இவன் போய்ச் சேருகிறவரை பிள்ளை தனியாகத்தான் இருக்க வேண்டும்.

"கொண்டி போட்டுகினியா? யாரு வந்து தட்னாலும் தொறக்காத. என் கொரல் கேட்டாத்தான் தொறக்கணும், இன்னா?"

"சரிப்பா. நீ எப்ப வருவ?"

"அஞ்சு மணிக்குள்ள ஊட்ல இருப்பேன்."

போனைப் பெட்டிக்குப் பக்கத்து நாற்காலியில் வைத்தான். மூக்கில் பஞ்சு, தாடையைச் சேர்த்துத் தலையில் ஒரு கட்டு. வெளியே நாலு மணி வெயில் கொளுத்தியது; ஜன்னல்களில் கறுப்புத் துணி அடித்து உள்ளே ராத்திரியாக்கி இருந்தார்கள். ஊதுவத்திப் புகையும், வாடத் தொடங்கிய ரோஜா மாலையும், எத்தனை துணி அடைத்தாலும் நுழைந்துவிடுகிற ஆலைப் புகையின் இரும்பு வாடையும் ஒன்றாகக் கலந்து தொண்டையில் உட்கார்ந்தன.

"கட் சொன்னவொடனே சிரிப்ப எடுத்துடு தம்பி. அத்த மட்டும் மறந்துடாத," என்றான்.

பிணமாக நடித்தவனை உடனே கேமராவைப் பார்த்துச் சிரிக்க வைத்து, அதையும் ஒரு ஷாட்டாக எடுத்துவிடுவார்கள். தோஷம் அதோடு கழிந்துவிடும் என்று நம்பிக்கை. விமல் தலையாட்டினான். காற்றுக்காக மூடியின் ஓரத்தில் ஒரு அட்டையைச் சொருகிவிட்டுக் கேமராவுக்குப் போனான்.

முதல் டேக் முடிந்தது. சின்னதுரை சிரிக்க வாயெடுத்தான்.

"அப்டியே இருண்ணா! இன்னொரு ஆங்கிள் போய்க்கலாம். சிரிப்பு கடைசில."

பெட்டி வண்டி ஓட்டுகிற பாக்கியராஜ் வாசலில் நின்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். "சீக்கிரம் முடிங்கப்பா. ஆரம்பாக்கத்துல ஒரு சாவு, பெட்டிக்குக் காத்துகினுகீறாங்க."

இரண்டாவது டேக். மூன்றாவது. ஒவ்வொரு முறையும் சிரிப்பு தள்ளிப்போனது. முதுகுக்கடியில் இருந்த தகடு முதலில் சும்மா சில்லென்றுதான் இருந்தது. பிறகு அந்தக் குளிர் தகட்டின் குளிராக இல்லை, மழையில் நனைந்த ஆள் பக்கத்தில் வந்து படுத்தது போல ஈரமும் கனமுமாக இருந்தது. நாலாவது டேக்கில் அது தட்டையாகவும் இல்லை. தோள்பட்டைக்குக் கீழே ஒரு தோள்பட்டை. முழங்காலுக்குக் கீழே ஒரு முழங்கால்.

எழுந்துவிடலாமா? எழுந்தால் டேக் கெட்டுப்போகும். பயந்தாங்கொள்ளி என்று வாழ்நாளெல்லாம் ஓட்டுவார்கள். படுத்திருந்தான். இதற்காக அவன் பிறகு எவ்வளவு வருந்தினான் என்று சொல்லி முடியாது.

ஐந்தாவது டேக். அட்டை நழுவி விழுந்தது. மூடி பொருந்திக்கொண்டது. அவன் மூச்சை அடக்கினான். கண்ணாடியில் பனி விரிந்தது. சுருங்கியது. விரிந்தது.

அவன் மூச்சு விடவே இல்லை.

"கட்! சிரிண்ணா இப்போ!"

சிரிக்கப் பார்த்தான். உதடு அசையவில்லை. விரல் அசையவில்லை. விமல் மூடியைத் தூக்கினான். அடியில் இருந்தது எழுந்தது. சின்னதுரைக்குள்ளே புகுந்து, சட்டையை மாட்டுவது போல அவன் கைகளில் கை நுழைத்து, எழுந்து உட்கார்ந்தது.

தன் பிடரியை அவன் அதுவரை பார்த்ததில்லை. இப்போது பார்த்தான். உச்சியில் எட்டணா அகலத்துக்கு ஒரு வழுக்கை. கட்டின் முடிச்சு. அது மூக்குப் பஞ்சை எடுத்தது. கேமராவைப் பார்த்தது.

சிரித்தது.

"செம ண்ணா! பேக்கப்!" எல்லாரும் கை தட்டினார்கள். விமல் மூடியைச் சாத்தினான்.

சின்னதுரை உள்ளேயிருந்து கத்தினான். சத்தம் வரவில்லை. கண்ணாடியில் பனி படிந்தது. அவ்வளவுதான்.

நாற்காலியில் போன் அடித்தது. அது எடுத்தது.

"சொல்லும்மா ஏஞ்சல்." அவன் குரல். ஆலைத் தூசியில் கம்மிய அதே குரல். "தோ, கெளம்பிட்டேன். கொண்டியத் தொறந்து வெச்சிரு. அப்பா வந்துகினே இருக்கேன்."

போனை வைத்துவிட்டுக் குனிந்தது. அந்த அறையில் அது ஒன்றுதான் அவனைப் பார்த்தது. பிறகு வெளியே போய்விட்டது.

பாக்கியராஜ் வந்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். காலிப் பெட்டி. "இன்னாப்பா இது, இம்மாம் பனி கீது?" என்று துண்டை எடுத்தார்.

வாசலில் சின்னதுரையின் பைக். நாலைந்து உதை வாங்காமல் அவனுக்கு ஒரு நாளும் கிளம்பாத வண்டி.

ஒரே உதை. கிளம்பிவிட்டது. சத்தம் தெருவைத் தாண்டி, அவன் வீட்டுப் பக்கம் திரும்பியது.

தொறக்காத ஏஞ்சல். தொறக்காதம்மா.

அவன் கத்தக் கத்தக் கண்ணாடியில் பனி படிந்தது. பாக்கியராஜ் வெளிப்பக்கம் துடைத்துக்கொண்டே இருந்தார்.