ராட்டின் மறுமுனை

ஞானதாசன் அந்தச் சிறைக்கு வந்து சேர்ந்தபோது ஆடிச் சாரல் பிடித்துக்கொண்டிருந்தது. கையில் தகரப்பெட்டி, கக்கத்தில் குடை, மனசு நிறைய நல்லெண்ணம். மிஷன் தொழிற்பள்ளியில் கயிறு திரிக்கக் கற்பித்தவனை, கைதிகளுக்கும் அதே தொழிலைச் சொல்லிக்கொடுக்கச் சமஸ்தானம் அனுப்பியிருந்தது.

கயிற்றுக் கொட்டகை மதிலை முட்டிக்கொண்டு நீண்டு கிடந்தது. வாசல் பக்கம் கயிறு முறுக்கும் ராட்டு. மறுமுனைக்குப் பகலிலும் வெளிச்சம் எட்டாது. அங்கிருந்து ஓர் அழுகல் நாற்றம் வந்தது. நாருக்காக ஊறவைத்த தேங்காய் மட்டையின், தொண்டின், நாற்றம் என்று அவன் நினைத்தான்.

கயிறு திரிக்கையில் ஒருவன் ராட்டைச் சுற்றுவான். மற்றவன் மடியிலிருந்து நாரை எடுத்து இழைவிட்டபடி, முதுகுப்புறமாகவே நடந்துபோவான். கண்ணுக்கு எட்டாத தூரம் போனதும் 'சுத்து, சுத்து' என்று குரல் கொடுத்துக்கொண்டிருப்பான். குரல் நின்றால் ராட்டு நிற்க வேண்டும். எல்லாக் கொட்டகையிலும் இதுதான் வழக்கம். இங்கே மட்டும் ஒருத்தனும் வாயைத் திறப்பதில்லை. பாதித் தூரத்தில் எல்லாரும் நிறுத்திவிடுவார்கள். கயிறெல்லாம் குட்டை.

"இதென்ன ஊமைக் கூத்தா?" என்று கடிந்துகொண்டான்.

குளச்சல்காரர் நூஹு, கைதிகளில் மூத்தவர், பக்கத்தில் வந்து முணுமுணுத்தார். "சாறே, இங்க குரல் குடுக்கப்பிடாது. அந்த மூலையில நிக்கவனும் குடுப்பான்."

"ஆரு?"

"வைகுண்டராஜன். முந்தி எங்களுக்குத் தொழில் படிப்பிச்ச மேஸ்திரி. அவனும் கைதிதான். இழை அறுந்தா, தொண்டு தல்லி நாரெடுக்குத தடியால விரல நசுக்குவான். ஒருநாள் ஒருத்தன் அவனுக்க வாயில நார அடச்சு, கழுத்துல கயித்தச் சுத்திப் போட்டான். பொன்னுலிங்கம்ணு இன்னொரு கைதி ராட்டச் சுத்துனான். தலை தொங்குன பொறவும் நிறுத்தல்ல. பொன்னுலிங்கத்தத் தூக்குல போட்டாச்சு. நார அடச்சது ஆருண்ணு கடைசி வர அவன் சொல்லல்ல."

நூஹுவின் பார்வை, நார் பிரித்துக்கொண்டிருந்த கைதி சுயம்புவின் பக்கம் போய், உடனே தரையில் விழுந்தது. ஞானதாசன் சிரித்துவிட்டான். பேய்க்குப் பயந்தால் அப்புறம் ஜெபம் எதற்கு என்பது அவன் கட்சி.

கொட்டகையில் கைவாகு உள்ளவன் ஆரல்வாய்மொழிக்காரன் சுயம்பு ஒருத்தன்தான். மதில்வரைக்கும் நீளமாக, முடிச்சில்லாத ஒரே கயிறு திரித்துக் காட்டினால் அவனை விட்டுவிடுவதாகச் சூப்பிரண்டு சொல்லியிருந்தார். கெஞ்சிக் கூத்தாடி அந்த வாக்கை வாங்கியவன் ஞானதாசன். சில நாள் கழித்து அந்த நாள் வந்தது; அன்று சாயங்காலம் அவர் கயிற்றைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. சுயம்புவின் மனைவி பூங்கனி, அவனைக் கையோடு கூட்டிப்போக வந்து, கொட்டகைக்கு வெளியே இறவாரத்தில் ஒதுங்கி நின்றாள்.

"மதிலுவர வேண்டாம் சாறே." சுயம்புவின் முகம் வெளிறியிருந்தது. "பாதியில நிறுத்தப்பிடாதா?"

"பாதிக் கயித்துக்குப் பாதி விடுதலைதான் கிட்டும். பூங்கனி மழையில நிக்கா, பாத்தியா? ராட்ட நானே சுத்துதேன். நீ குரல் மட்டும் குடு."

சுயம்பு பின்புறமாக நடந்தான்.

"சுத்து."

ராட்டு முனகியது.

"சுத்து."

முகம் மங்கியது. பிறகு வெள்ளைத் துணியும் இருட்டில் மறைந்தது. ஓலைக் கூரையில் மழை வலுத்தது.

இழை வெடுக்கென்று துள்ளியது. ஞானதாசன் கையைத் தளர்த்தினான்.

"சுத்து."

குரல் கரகரத்திருந்தது. சாரலில் தொண்டை கட்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு சுற்றினான். நாற்றம் வாசல்வரைக்கும் வந்தது. அது தொண்டின் நாற்றம் இல்லை. செத்த உடம்பின் நாற்றம்.

"சுத்து. சுத்து."

ராட்டு கனத்தது. இரண்டு கையாலும் அழுத்தினான். இருட்டுக்குள் எதுவோ மண்ணை உதைத்தது.

"சாறே, நிறுத்துங்க," நூஹு அவன் தோளைப் பிடித்து இழுத்தார். "அது அவனுக்க குரல் இல்ல."

"குரல் வருதுல்லா? நின்னாத்தான் நிறுத்தணும்."

பச்சை மட்டை ஒடிவதுபோல ஒரு சத்தம் கேட்டது.

நூஹு வார்டர்களைக் கூவிக்கொண்டு வெளியே ஓடினார். ஞானதாசன் அரிக்கேனைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினான்.

சுயம்பு மதிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கயிறு கழுத்துச் சதைக்குள் புதைந்து, ரத்தம் மார்பெல்லாம் வழிந்துகொண்டிருந்தது. விரல்கள் ஒன்றுவிடாமல் நசுங்கியிருந்தன. வாய் நிறைய நார். தொண்டைக்குழிவரைக்கும் திணித்திருந்தது. அந்த வாயிலிருந்து ஒரு சொல்கூட வந்திருக்க முடியாது.

அப்படியானால் கூப்பிட்டது யார்? யார் பேச்சைக் கேட்டு அவன் சுற்றினான்? நல்லது செய்ய வந்த கை அவனுடையது. அந்தக் கைதான் இவனைக் கொன்றிருக்கிறது. ஞானதாசனுக்கு அழுகை பொங்கியது.

அரிக்கேன் அணைந்தது.

கழுத்தில் கயிறுபோல ஏதோ ஈரமாக உரசியது.

"சுத்து." அவன் காதோரமாக.

வாசலில், ராட்டுக்குப் பக்கத்தில், பூங்கனியின் உருவம் தெரிந்தது. "சாறே, அந்த ஆளு ஓடுன ஓட்டத்தப் பாத்து நான் பயந்துட்டேன். எனக்க மாப்பிள கூப்பிடுதாருல்லா. இங்க ஆருமில்ல. நான் சுத்தட்டா?"

வேண்டாம் என்று கத்த ஞானதாசன் வாயைத் திறந்தான்.

நாக்கில் நார் பட்டது.

"சுத்து."

"இன்னா சுத்துதேன்," என்றாள் பூங்கனி ஆசையாக. ராட்டு முனகியது.